அடைக்கலப் பூனைகள்

ஜீவகாருண்யம் என்னும் சொல் நம் நாட்டில் மேடைதோறும் வழங்குகிறது. அச்சொல்லின் பொருளைச் சிந்திப்போர் தொகை அவ்வளவாகப் பெருகிவிட்டதென்று சொல்ல முடியவில்லை. தெருவில் கிடக்கும் ஒரு பிராணியை எடுத்துவந்து, கூண்டில் அடைத்து, வேளைக்குச் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டால் காருண்யம் பூர்த்தியாகிவிட்டது என்றே பலர் நினைக்கின்றனர். காப்பகம் நடத்துவோரிலும் அவ்வாறு நினைப்பவர் உண்டு. அந்நினைப்பு தவறு என்பதே இன்று நாம் சொல்ல வந்தது. அதற்கு உதாரணமாக, யாரும் அதிகம் கவனியாத பிராணி ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அது பூனை.

தலையங்கப் பக்கத்தில் பூனைக்கு என்ன வேலை என்று முகஞ் சுளிக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மனிதர் பசித்திருக்கும் நாட்டில் பூனைக்கு உபசாரமா என்று கேட்பது கேட்கத்தக்க கேள்வியே. 1860-ஆம் ஆண்டில் மேரி டீல்பி என்னும் அம்மையார் லண்டனில் அநாதை நாய்களுக்கு ஒரு விடுதி தொடங்கியபோது, அந்நகரத்துப் பெரிய பத்திரிகையே அவரைக் கேலி செய்தது. விடுதி நிலைத்தது. 1871-இல் பாட்டர்ஸீ என்ற இடத்துக்கு மாறி, 1883-இலிருந்து பூனைகளையும் ஏற்று, இன்றளவும் நடந்துவருகிறது. ஆயினும் கேள்விக்கு நேராக விடை கூறுவோம். நாம் பூனைகளுக்காகப் புதிதாகப் பணம் கேட்கவில்லை. பொதுஜனங்களின் நன்கொடையைப் பெற்று ஏற்கெனவே கட்டப்பட்ட இடங்களில், ஏற்கெனவே அடைக்கப்பட்டிருக்கும் பூனைகளைப் பற்றியே பேசுகிறோம். அவற்றுக்கென்று கொடுக்கப்பட்ட பணம் அவற்றின் நோய்க்கே செலவாகிறதா, நலத்துக்குச் செலவாகிறதா என்று கேட்கிறோம். கொடுத்தவனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

பூனையின் இயல்பை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். நாய் மனிதனோடு ஊர் விட்டு ஊர் செல்லும். மனிதன் இருக்குமிடமே அதற்கு வீடு. பூனை அப்படியன்று. தனித்து வேட்டையாடும் காட்டுப் பூனையின் வழியில் வந்த அது, மனிதனைக் காட்டிலும் இடத்தையே முதலில் பற்றுகிறது. எந்தச் சுவரில் ஏறலாம், எந்தச் சந்தில் ஒளியலாம், எந்த மூலையில் தன் வாசனை படிந்திருக்கிறது என்பதே அதன் உலகம். அந்த உலகத்தினின்றும் அதைப் பிடுங்கி, நான்கு பக்கமும் பளபளக்கும் இரும்புக் கூண்டில், குலைக்கும் நாய்களின் காதுகேட்கும் தூரத்தில் வைத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் அது கத்துவதில்லை. கடிப்பதுமில்லை. அசையாமல் சுருண்டு கிடக்கிறது. ஒளிய வேறு இடமில்லாமல், மலங்கழிக்க வைத்த மண் தட்டிலேயே போய்ப் படுத்துக்கொள்ளும் பூனைகளைக் காப்பக ஊழியர் அனைவரும் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு, "இது சாதுவான பூனை, தொந்தரவே இல்லை" என்று சொல்லிப் போகிறவர்களும் உண்டு. அது சாதுத்தன்மையன்று, பயம் முற்றிப் போனதன் அடையாளம். இந்த மயக்கத்தைத் தீர்ப்பதற்காகவே 1997-இல் ஸ்விட்ஸர்லாந்தில் கெஸ்லர், டர்னர் என்னும் இருவர், பூனையின் உடல் நிலை, வயிறு, கால், வால், காது, கண்மணி முதலியவற்றைப் பார்த்து அதன் மனக்கலக்கத்தை ஏழு படிகளாக அளக்கும் ஒரு முறையை வகுத்தனர். இன்றும் பல நாட்டுக் காப்பகங்களில் அம்முறையே கையாளப்படுகிறது.

அளவுகோல் கிடைத்த பின்னர், எது கலக்கத்தைக் குறைக்கிறது என்று பார்ப்பது எளிதாயிற்று. ஹாலந்து தேசத்தில் உட்ரெக்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை எடுத்துக்கொண்டனர். பத்துப் பூனைகளின் கூண்டில் மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வைத்தனர். மற்ற ஒன்பதுக்கும் பெட்டி இல்லை. உணவு, இடம், கவனிப்பு எல்லாம் ஒன்றே. 14 நாட்கள் பார்த்தனர். பெட்டி கிடைத்தவை மூன்றாம் நாள், நான்காம் நாளிலேயே தெளிந்துவிட்டன. பெட்டி கிடைக்காதவை தெளிய வெகுநாள் பிடித்தது. 2014-இல் வெளியான இந்தச் சோதனையில் மருந்து இல்லை, யந்திரம் இல்லை, நிபுணர் இல்லை. இருந்தது ஒரு பெட்டி. மளிகைக் கடையில் வீணே கிடக்கும் அட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் துளையிட்டு வைப்பதற்கு எந்தக் காப்பகத்தின் வரவு செலவும் இடங்கொடாமற் போகாது. "பெட்டிக்குள் பூனை ஒளிந்துகொண்டால், எடுத்துப் போக வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?" என்று ஆட்சேபிப்போர் இருக்கின்றனர். ஒளிய இடமுள்ள பூனைதான் விரைவில் வெளியே வருகிறது. இடமில்லாத பூனை கண்ணெதிரே இருந்தும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்.

மனக்கலக்கம் பூனைக்குப் பூனை வேறுபடும் சொந்தச் சங்கடம் என்று தள்ளிவிடக்கூடியதன்று. காப்பகப் பூனைகளைக் கொல்லும் பெருநோய் மூக்கொழுகிக் கண் பூளை கட்டும் சுவாச நோய். அதற்குக் காரணமான கிருமிகளில் ஒன்று ஹெர்பிஸ் வகையைச் சேர்ந்தது. ஒருமுறை தொற்றினால் அது நரம்புகளில் பதுங்கி ஆயுள் முழுவதும் உடலில் தங்கிவிடும். பிராணி கலங்கும்போது மீண்டும் தலைதூக்கி, பக்கத்துக் கூண்டுகளுக்கும் பரவும். ஆகவே ஒரு பூனையின் பயம் அடுத்த பூனையின் காய்ச்சலாகிறது. 2018-இல் வாக்னர், ஹர்லி முதலியோர் வட அமெரிக்காவில் ஒன்பது காப்பகங்களில் 18,373 பூனைகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டனர். கூண்டின் தரைப்பரப்பு 8 சதுர அடிக்கு மேற்பட்ட இடங்களிலும், வந்த முதல் வாரத்தில் பூனையைக் கூண்டினின்று எடுத்தெடுத்து மாற்றாத இடங்களிலும் அந்நோய் குறைந்திருந்தது. கூண்டை விசாலமாக்கப் புதுக் கட்டடம் வேண்டும் என்பதில்லை. அடுத்தடுத்துள்ள இரண்டு கூண்டுகளின் நடுச்சுவரில் வட்டமாக ஒரு துளை வெட்டினால், உண்டு உறங்க ஓர் அறை, மலங்கழிக்க ஓர் அறை என்று ஆகிவிடுகிறது. சுத்தம் செய்யும்போது பூனை ஓர் அறையினின்று மற்றதற்குத் தானே போய்விடும். கையால் தூக்க வேண்டியதே இல்லை. ஆனால் இரண்டு கூண்டை ஒன்றாக்கினால், கூண்டுகளின் எண்ணிக்கை பாதியாகும். இங்குதான் நிர்வாகிகள் தயங்குகின்றனர். "இத்தனை நூறு பூனைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்" என்று ஆண்டறிக்கையில் எழுதும் ஆசை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. தொகையைப் பெருக்கி நோயையும் பெருக்குவதைவிட, இடத்துக்குத் தக்கவாறு ஏற்று, ஏற்றதை விரைவில் நல்ல வீடுகளுக்கு அனுப்புவதே மேல் என்பது நமது திடமான அபிப்பிராயம். அவ்வாறு செய்யும் காப்பகத்தின் கூண்டுகள் சீக்கிரம் காலியாகின்றன. ஆகையால் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் உதவி பெற்ற பூனைகள் குறைவதற்குக் காரணமில்லை.

பெட்டியும் இடமும் பயத்தைத் தணிக்கும். ஆனால் பயம் தணிந்தபின் பூனை என்ன செய்யும்? வேட்டையாடும் பிராணி அது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, துரத்துவதற்கு ஒன்றுமில்லை, பொழுது முழுவதும் வெறுமை. சில பூனைகள் இந்த வெறுமையில் சோர்ந்து கிடக்கும். சில வேறு வகை. தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கும், விரிப்பைக் கிழிக்கும், கம்பியின் ஓரமாக முன்னும் பின்னும் நடக்கும், கத்திக்கொண்டே இருக்கும். ஊழியர் அதைத் துஷ்டப் பூனை என்று குறித்து வைக்கின்றனர்.

கானடாவில் காப்பகப் பூனைகளை வைத்து நாடின் கூர்க்கோ என்னும் அம்மையாரும் கிளைவ் பிலிப்ஸ் என்பவரும் நடத்திய ஆராய்ச்சிகள் இவ்விஷயத்தில் மிக்க பயனுடையவை. பயந்த பூனை, அமைதியான பூனை, ஆத்திரங்கொண்ட பூனை என்று வந்தவுடனேயே இனம் பிரித்தனர். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று அவர்கள் எண்ணவில்லை. 2014-இல் வெளியான ஆராய்ச்சியில், பயந்த பூனைகளை மெல்லத் தடவி, தணிந்த குரலில் பேசி வந்தனர். 2016-இல் வெளியானதில், ஆத்திரங்கொண்ட பூனைகளைத் தினம் நான்கு தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம், பத்து நாட்கள் வேறோர் அறைக்குக் கொண்டுபோய்ப் புதிய செயல்களைப் பழக்கினர். அவ்வாறு பழக்கப்பட்டவை, பழக்கப்படாதவற்றைவிட மனநிறைவுடன் காணப்பட்டன. அதோடு நிற்கவில்லை. குடலிலும் மூச்சுப்பாதையிலும் காவல் புரியும் நோயெதிர்ப்புப் புரதம் அவற்றின் மலத்தில் மிகுந்திருந்தது. சுவாச நோயும் அவற்றுக்குக் குறைவாகவே வந்தது. மூளைக்கு வேலை கொடுத்ததனால் மூக்கு சுகப்பட்டது என்று சொன்னால் வேடிக்கையாகத் தோன்றும். உண்மை அதுவே.

நம் நேயர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான சங்கதியாக இருக்கக்கூடாது. சிறை என்பது என்னவென்று அரசியலில் ஈடுபட்டோர் அறிவர். சிறையில் உடல் வருத்தத்தைக் காட்டிலும் வெறும் பொழுது கொடியது என்று இருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, சிறையிலிருந்துகொண்டே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலைத் தமிழாக்கினார். பெருந்தலைவர் ஒருவரின் சிறைவாசத்தைப் பூனையின் கூண்டுக்கு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அடைபட்ட உயிருக்கு உணவைப்போலவே தன் அறிவைச் செலுத்த ஓர் இடமும் வேண்டும் என்பதை உணர, நம்மவர்க்கு அவ்வரலாறு உதவும் என்ற அளவிலேயே குறிக்கிறோம்.

இனிப் பயிற்சி. பூனையைப் பழக்க முடியாது என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. நம்மூரிலும் நாயைப் பழக்குவோம், கிளியைப் பழக்குவோம், யானையையும் பழக்குவோம்; பூனை என்றால் கையை விரித்துவிடுவோம். ஆனால் பிராணிகள் எவ்வாறு கற்கின்றன என்ற சாஸ்திரமே பூனையிடமிருந்து தொடங்கியது என்பதைப் பலர் அறியார். 1898-இல் எட்வர்டு தார்ண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர், பசித்த பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்து, உணவை வெளியே வைத்தார். கயிற்றை இழுத்தாலோ, கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதலில் பூனை கண்டபடி பிறாண்டும். தற்செயலாகக் கதவு திறந்துகொள்ளும். அடுத்தடுத்த தடவைகளில் நேரம் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் அடைத்த கணத்திலேயே திறந்துகொண்டு வெளியே வரும். நற்பலன் தந்த செயல் நிலைபெறும் என்ற விதியை அவர் இவ்வாறு கண்டார். கூண்டிலடைத்த பூனைகளிடமிருந்து பெற்ற அறிவை, நூறாண்டுக்கு மேல் கழித்துக் கூண்டிலிருக்கும் பூனைகளுக்கே திருப்பித் தருகிறோம். கடன் அடைக்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதே மிகை.

பழக்கும் முறை எவருக்கும் விளங்கக்கூடியது. கையிலடங்கும் சிறு கருவியை அழுத்தினால் "டிக்" என்று ஓர் ஒலி எழும். கருவி இல்லாவிடில் நாக்கைச் சொடுக்கினாலும் போதும். முதலில் ஒலி எழுப்பி உடனே ஒரு துணுக்கு மீனோ கோழிக்கறியோ கொடுக்க வேண்டும். சில தடவைகளில், ஒலி கேட்டால் தின்பண்டம் வரும் என்று பூனை தெரிந்துகொள்ளும். அப்பால் ஒரு குச்சியின் நுனியை நீட்ட வேண்டும். பூனை முகர்ந்து பார்க்க மூக்கை நீட்டும். மூக்கு நுனியில் பட்ட அதே கணத்தில் ஒலி, உடனே துணுக்கு. ஒலியின் பயன் இதுவே: எந்தச் செயலுக்காகப் பரிசு என்பதைக் கணந்தவறாமல் காட்டுகிறது. குச்சியைத் தொடப் பழகிய பூனையைக் குச்சியாலேயே முன்னால் அழைக்கலாம், சுற்றி வரச் செய்யலாம், கூடைக்குள் போகச் செய்யலாம். தள்ளுதல், இழுத்தல், அதட்டல் ஒன்றும் கூடாது. பூனை போதுமென்று திரும்பிக்கொண்டால் அன்றைய பாடம் முடிந்தது.

இது வாய்ப்பேச்சன்று. 2017-இல் கொலராடோ ராஜ்ய சர்வகலாசாலையைச் சேர்ந்த லோரி கோகன் முதலியோர், காப்பகப் பூனைகள் 100-ஐ எடுத்து, இரண்டு வாரத்தில் ஐந்தைந்து நிமிஷமாக 15 பாடங்கள் நடத்திய விவரத்தை வெளியிட்டனர். முடிவில் 79 பூனைகள் குச்சியைத் தொடக் கற்றிருந்தன. 60 பூனைகள் சுற்றி வந்தன. 31 பூனைகள் முன்னங்காலைத் தூக்கி மனிதன் உள்ளங்கையில் தட்டின. சொன்னால் உட்காருவது மட்டும் 27-க்கே கைவந்தது. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பூனைக்கும் செலவான நேரம் 75 நிமிஷம். காப்பகத்தின் சந்தடிக்கும் பயத்துக்கும் நடுவே கிட்டிய பலன் இது என்பதை மறக்கக்கூடாது.

காலைத் தூக்கிக் கையில் தட்டுவதனால் பூனைக்கு என்ன லாபம், இது சர்க்கஸ் வித்தையல்லவா என்று கேட்கலாம். வேடிக்கைக்காக மட்டும் செய்தால் சர்க்கஸ்தான். அதை நாமும் ஆதரிக்க மாட்டோம். லாபம் வேறிடத்தில் இருக்கிறது. காப்பகத்தில் பூனைக்கு நேரும் யாவும் பிறர் செய்வன. பிறர் திறப்பர், பிறர் தூக்குவர், பிறர் ஊசி குத்துவர். அது செய்வதனால் ஆவது ஒன்றுமில்லை. பயிற்சி நடக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில்தான், "நான் இது செய்தேன், ஆகவே இது வந்தது" என்ற தொடர்பு அதற்கு மீண்டும் கிடைக்கிறது. இரண்டாவது லாபமும் உண்டு. வீட்டுக்குப் பூனை தேடி வருகிறவர்கள் கூண்டின் முன்னே ஒரு சில விநாடிதான் நிற்கின்றனர். பின்மூலையில் கிடப்பதை விட்டு, முன்னே வந்து முகங்காட்டுவதைத் தேர்ந்துகொள்வது மனித சுபாவம். 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இம்முறையில் பழகிய காப்பகப் பூனைகள் கூண்டின் முன்பக்கத்தில் முன்னிலும் அதிக நேரம் இருந்தன என்றும், சுற்றுப்புறத்தை ஆராய்வதில் ஊக்கங்கொண்டன என்றும் கண்டனர். மூன்றாவது, வைத்தியரிடம் போகும் கூடையைக் கண்டால் ஓடும் பூனையை, தானே கூடைக்குள் ஏறப் பழக்கலாம். 2018-இல் வியன்னாவில் 22 பூனைகளைக் கொண்டு செய்த சோதனையில், கூடைப் பயிற்சி பெற்றவை பிரயாணத்தில் குறைவாகவே கலங்கின. வைத்தியர் கையில் பிறாண்டல் குறைவதையும் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இன்று காப்பக ஊழியருக்கு இக்கலையைக் கற்பிக்கும் திட்டங்களே நடக்கின்றன. நல்ல காரியம். ஆனால் சிலர் இதையும் நாகரிக மோகமாக்கிவிடுகின்றனர். கூண்டில் பூனைக்குத் தொலைக்காட்சி வைக்கலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. எல்லிஸ், வெல்ஸ் என்னும் இருவர் 125 காப்பகப் பூனைகளுக்குத் திரையில் பல காட்சிகளைத் தினம் மூன்று மணி நேரம் காட்டி, முடிவை 2008-இல் வெளியிட்டனர். பூனைகள் சிறிது பார்த்தன. நாள் செல்லச் செல்ல அதையும் விட்டுவிட்டன. துரத்தினால் பிடிபடாத எலியை எத்தனை நாள்தான் பார்ப்பது? உணவைப் புதிர்ப் பாத்திரத்தில் ஒளித்து வைத்தால் பூனை உழைத்துத் தின்று மகிழும் என்பதும் பெருவழக்கு. பயனுள்ளதே, ஆனால் பக்கத்திலேயே தட்டில் உணவு இருந்தால் பெரும்பாலான பூனைகள் உழைப்பை விட்டுத் தட்டுக்கே போகின்றன என்று 2021-இல் டெல்கடோ முதலியோர் 17 வீட்டுப் பூனைகளிடம் கண்டனர். நாமும் அப்படித்தானே? ஆகவே புதிர்ப் பாத்திரம் இருக்கட்டும். அது திறக்காத பூனை பட்டினி கிடக்கும்படி மட்டும் வைக்கக்கூடாது. பூனைக்கு மிகப் பிடித்தது எது என்று அமெரிக்காவில் ஓரிகன் ராஜ்ய சர்வகலாசாலையார் 2017-இல் பார்த்தபோது, வீட்டுப் பூனை, காப்பகப் பூனை இரண்டிலும் பெரும்பாலானவை உணவு, வாசனை, விளையாட்டுச் சாமான் இவற்றைவிட மனிதனோடு பழகுவதையே முதலாக விரும்பின. திரையை வாங்கி மாட்டுவது சுலபம். போய் உட்காருவதுதான் கடினம்.

வாசனையைப் பற்றி நம் பக்கத்துச் சங்கதி ஒன்று உண்டு. மேல்நாட்டுக் காப்பகங்களில் பூனைகளை மகிழ்விக்கக் காட்னிப் என்னும் இலையைத் துணியில் தடவி வைக்கின்றனர். நம் ஊர்ப் புறங்களில் கேட்பாரற்று முளைக்கும் குப்பைமேனிச் செடிக்குச் சித்த வைத்தியர் வழங்கும் மற்றொரு பெயர் பூனைவணங்கி. பிடுங்கிய வேரைக் கண்டால் பூனை வந்து முகர்ந்து உரசிப் புரளும். நம் முன்னோர் இதைக் கவனித்துப் பெயரும் இட்டுவிட்டனர். நாம்தான் கடல் கடந்து டப்பியில் வரும் இலையைத் தேடுகிறோம். வேரை முகரத்தான் வைக்க வேண்டும், தின்னக் கொடுக்கலாகாது. சிறிது நேரத்தில் எடுத்துவிடுவதும் நல்லது.

இவை எல்லாவற்றையும்விடச் செலவில்லாத ஒன்று, ஒழுங்கு. 1993-இல் கார்ல்ஸ்டெட் முதலியோர், உணவும் கவனிப்பும் முறையற்ற நேரங்களில் முறையற்ற கைகளால் வந்தால், பூனையின் உடலில் கலக்கத்தைக் காட்டும் சுரப்பு மிகுவதைக் காட்டினர். அதே வேளையில், அதே ஆள், அதே வரிசையில் வருவது பூனைக்குப் பெரிய ஆறுதல். தினமும் கூண்டு முழுவதையும் கழுவி வாசனையெல்லாம் போக்குவதும் அதற்குத் தண்டனையே. அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, தன் வாசனை படிந்த விரிப்பை விட்டுவைக்க வேண்டும்.

ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். மனிதக் கை படாமலே வளர்ந்த தெருப் பூனைக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது. குட்டி பிறந்து இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரையில் மனிதரோடு பழகினால்தான் அதன் மனம் எளிதாக இணங்கும். அப்பருவம் தாண்டிய காட்டுத்தனமான பூனையைப் பிடித்து மாதக்கணக்கில் கூண்டில் வைத்துப் "பழக்குவோம்" என்பது காருண்யத்தின் பேரால் செய்யும் சித்திரவதை. கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதே அதற்கு நாம் செய்யக்கூடிய உபகாரம்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு புதியதன்று. 1926-இல் ஆமதாபாத்தில் ஒரு மில் முதலாளி 60 தெருநாய்களைக் கொல்வித்தபோது எழுந்த சர்ச்சையில், காந்தியடிகள் "யங் இந்தியா"வில் வாரந்தோறும் எழுதினார். நாய்களைக் கொல்வது பற்றி அவர் கொண்ட முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பேற்காமல் எச்சிற் பருக்கையை வீசிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வது தயையாகாது என்று அவர் இடித்துக் கூறியது நமக்கும் பொருந்தும். 1950-களில் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதாவே பின்னர் 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டத்துக்கு வித்தாயிற்று. 1962-இல் ஏற்பட்ட பிராணி நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், நீளம், அகலம், உயரம் போதாமல், பிராணி நியாயமாக அசைய முடியாத கூண்டில் அடைத்து வைப்பதும் வதையே என்று எழுதியிருக்கிறது. குற்றம் செய்பவன் கசாப்புக்காரனா, வியாபாரியா, தர்ம ஸ்தாபனமா என்று சட்டம் பார்க்கவில்லை. தர்மத்தின் பெயரால் அடைத்தாலும் கூண்டு கூண்டே. காப்பகங்களைப் பார்வையிடும் அதிகாரிகள் மருந்துப் பதிவேட்டையும் வரவு செலவையும் பார்ப்பதோடு, கூண்டில் ஒளிய இடமும் ஏற ஒரு பலகையும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தால் பெரும் புண்ணியமாகும்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பது நிர்வாகிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 பூனைகள் இருக்கும் காப்பகத்தில் பூனைக்கு ஐந்து நிமிஷம் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம். ஒருவரே செய்வதானால் மிகுதிதான். பக்கத்துக் கல்லூரியிலிருந்து பத்து மாணவர்கள் வந்தால் தலைக்கு அரை மணி. மாலையில் உணவு வைப்பதற்குச் சற்று முன், பூனைக்குப் பசி இருக்கும் வேளையில் வந்தால் போதும். ஊர்தோறும் வாலிபர் சங்கங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன சேவை செய்யலாம் என்று நமக்கு எழுதிக் கேட்பவர்களும் இருக்கின்றனர். அவர்களுக்கு இதைச் சொல்கிறோம். ஒரு குச்சி, ஒரு கிண்ணத்தில் பொடியாக நறுக்கிய மீன், கூண்டருகே உட்காரத் தாழ்ந்த முக்காலி. எந்தக் கூண்டுக்கு யார் என்று சீட்டெழுதி ஒட்டுவது நிர்வாகியின் வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அதை அவர் எழுதி ஒட்டிவிடலாம்.